பெற்றோல் முள்ளை நான்தான் மாற்றி வைத்தேன்

என் ராசா,

நீ என்னிடம் இரண்டு காரியம் கேட்டாய். உன் கலியாணத்துக்குப் பெரியப்பாவை வீட்டுக்குப் போய் முறைப்படி கூப்பிட வேண்டும் என்பது ஒன்று. வல்லை வெளியில் அவருடைய கார் நின்றதற்குக் காரணம் நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மற்றது. முதலாவதை நேற்று அப்பாவோடு போய்ச் செய்துவிட்டேன். இரண்டாவதில் பாதி செய்தேன். உண்மையைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்கவில்லை, இனிமேலும் கேட்கமாட்டேன். இதை நேரில் சொல்லத் தொடங்கினால் நீ நடுவில் எழுந்து காரைக் கழுவப் போய்விடுவாய். கதை கொஞ்சம் சூடேறினால் போதும், உனக்கு வாளியும் துணியும் நினைவுக்கு வந்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன். வாசித்து முடித்தபின் யாருக்கு வேண்டுமானாலும் காட்டு. ஊரறிய நடந்த அவமானத்துக்கு ஒளித்திருந்து பதில் எழுதும் பழக்கம் எனக்கு இல்லை.

உன் காரிலிருந்தே தொடங்குகிறேன். நீ அதை வாங்கிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்திய நாளில் உள்ளே செம்மஞ்சள் வெளிச்சம்தான் இருந்தது. பொழுதுபட்டால் வேகம் காட்டும் வட்டமும் பெற்றோல் காட்டும் வட்டமும் சாம்பல் மூடிய தணல் மாதிரி மங்கிக் கிடக்கும். "அம்மா, ஒண்டும் வடிவாத் தெரியேல்லை. இந்தக் கலரை மாத்தேலாதோ?" என்று கேட்டாய். கராச்சில் முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டும் என்றார்களாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கறண்டும் இல்லை, பற்றரியும் இல்லை என்றிருந்த சண்டைக் காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட வீட்டில் வளர்ந்தவள் நான். வயர் அறுந்தால் ஒரு பெரிய ஆணியைத் தணலில் பழுக்கக் காய்ச்சி ஈயத்தை உருக்கி ஒட்டுவேன். பிறகு ஒழுங்கையில் இருந்த அத்தனை பேரின் றேடியோவும் என் மடிக்குத்தான் வந்தது. அப்படிப்பட்டவளுக்கு உன் காரின் வெளிச்சம் பெரிய காரியமாகத் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்கமாட்டாய். பற்றரி வயரைக் கழற்றி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் மூடியை எடுத்து, திருகாணிகளை ஒரு தேநீர்க் கோப்பைக்குள் போட்டு, மீற்றர்ப் பெட்டியைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவந்தாய். நான் பழைய சேலையை மடித்து விரித்து வைத்திருந்தேன். முள்ளைக் கழற்ற முன்னம் அது நிற்கும் இடத்தை ஒட்டுத்தாளால் அடையாளம் வை என்று உனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னேன். முள்ளுக்குத் தன்பாட்டில் ஒன்றும் தெரியாது. அடியில் இருக்கும் சின்ன மோட்டர் திரும்புகிற அளவுக்கு அதுவும் திரும்பும். இடம் மாறிச் செருகிவிட்டால் பிறகு காலம் முழுக்கப் பொய்தான் காட்டும். இரண்டு தேக்கரண்டிகளுக்குத் துணி சுற்றி இரண்டு பக்கமும் கொடுத்து மெல்ல நெம்பி எடுத்தோம். இலக்கம் எழுதிய தட்டை உரித்தால், பலகையில் அரிசிக் குறுணி போல வரிசையாக விளக்குகள். ஒவ்வொன்றாகப் பழையதை உருக்கி எடுத்துப் புதியதை வைத்தேன். நீ ஒன்றைத் தலைமாற்றி நீட்ட, நான் கவனிக்காமல் ஒட்ட, ஒரு மூலை இருண்டுபோய்க் கிடந்தது. பிழை ஆருடையது என்று பின்னேரம் வரை சண்டை பிடித்தோம்.

நிறத்துக்கும் சண்டைதான். நீ நீலம் என்றாய். நீலம் கண்ணைக் குத்தும் என்றேன் நான். கடைசியில் வெற்றிலைக் கொழுந்தின் பச்சைக்கு இரண்டு பேரும் சம்மதித்தோம். பொழுதுபட, அப்பாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மருதனார்மடம் வரைக்கும் போனோம். சந்தை கலைந்து கொண்டிருந்தது. உன் முகத்தில் அந்தப் பச்சை விழுந்திருந்ததை நான் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பா ஆஞ்சநேயர் கோயிலடியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்திவிட்டு வந்து, "கண்ணுக்குக் குளிர்ச்சியாக் கிடக்கு" என்றார். அவ்வளவு சந்தோஷமாக நாங்கள் மூன்று பேரும் ஒரு பயணம் போனது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அந்தப் பச்சையைக் கண்டுதான் பெரியப்பா எங்களிடம் வந்தார். அப்பாவின் ஒரே அண்ணன். வருஷத்துக்கு ஒருமுறை லண்டனில் இருந்து வந்து, எங்கள் ஒழுங்கை முனையில் கட்டிய மாடிவீட்டில் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர். மிச்ச மாதங்களில் துணி போர்த்துக் கிடக்கும் அவருடைய காரைக் கிழமைக்கு ஒருமுறை ஸ்ராட் பண்ணி வைக்கிறவன் நீ. உன் காருக்குள் ஏறி உட்கார்ந்து, பொத்தானை அமத்தி அமத்திப் பார்த்தார். "உது ஆர் செய்தது? கொம்மாவோ? என்ரை காருக்கும் செய்து தரச் சொல்லு. நீலமா" என்றார். பிறகு இறங்கி உன் தோளில் கையைப் போட்டு, "வதனிக்கு ஆவணியிலை கலியாணம். எனக்கு ஆம்பிளைப் பிள்ளை இல்லை. தோழனா நீதான் நிக்கோணும்" என்றார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கலங்கியது, இப்போது அதை நினைத்தால் என் கண்ணிலேயே எனக்குக் கோபம் வருகிறது.

பெண்ணின் சகோதரன் தோழனாகப் போய் மாப்பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். மண்டப வாசலில் அவருடைய காலைக் கழுவி, அவர் போடும் மோதிரத்தை வாங்கிக்கொண்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். கூடப் பிறந்தவன் இல்லாதவளுக்குச் சித்தப்பா மகன்தான் சகோதரன். பெரியப்பா உனக்குப் பெரிய உபகாரம் ஒன்றும் செய்யவில்லை, அது நீ பிறந்த அன்றே உனக்கு வந்த உரிமை. ஆனாலும் நாங்கள் உபகாரம் போலவே எடுத்துக்கொண்டோம். நீ பட்டு வேட்டி வாங்கினாய். தலைப்பாகையை வைத்துக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தாய், நான் எட்டிப் பார்த்ததும் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாய். நான் பெரியப்பாவின் காருக்கு நீலம் போட்டுக் கொடுத்தேன். உன் காருக்குச் செய்ததைவிடக் கவனமாகச் செய்தேன்.

முகூர்த்தம் காலையோடே. இருட்டு விலக முன்னமே வடமராட்சிக்குப் போய் மாப்பிள்ளையைக் கூட்டிவர வேண்டும். பெரியப்பாவின் முற்றத்தில் நீ வேட்டி, சால்வை, தலைப்பாகையோடு நின்றாய். பெற்ற தாய் சொல்லக் கூடாது, ஆனால் மாப்பிள்ளையே உனக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அப்போதுதான் பெரியப்பா வந்தார். பக்கத்தில், முதல் நாள்தான் லண்டனில் இருந்து வந்திறங்கிய பெரியம்மாவின் தம்பி மகன்.

"தம்பி, ஒரு சின்னச் சிக்கல். டிரைவர் வரேல்லை. நீ காரை ஓடு, என்ன. தலைப்பாகையை உவனிட்டைக் குடு. உவன் மாப்பிள்ளையோடை இங்கிலிசிலை கதைச்சுக்கொண்டு வருவான். வீடியோவுக்கும் எடுப்பா இருக்கும்."

முறையைப் பார், ராசா. தாய்மாமன் மகன் வதனிக்கு மச்சான். கலியாணம் கட்டும் முறையில் உள்ளவனைக் கொண்டுபோய்ச் சகோதரன் என்று நிறுத்திக் கால் கழுவ வைத்தார்கள். சமையற்கட்டில் நின்ற பெண்களே வாயில் கை வைத்தார்கள். ஆனால் முற்றத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. உன் அப்பா இருமினார். பேச வேண்டிய இடத்தில் எல்லாம் அவருக்கு இருமல் வந்துவிடும், நாற்பது வயதில் தொடங்கிய வியாதி அது. நீ "ஓம் பெரியப்பா" என்றாய். தலைப்பாகையை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாய். அந்தப் பிள்ளையின் தலைக்கு அது பெரிதாகிச் சரிய, நீயே நின்று உள்ளே துணி மடித்து வைத்து இறுக்கிவிட்டாய். அதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் நிறைகுடத் தாம்பாளம். அதைப் போட்டு உடைக்காமல் எப்படி நின்றேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இதில் உனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது. உனக்கு ஓம் என்ற சொல் சுலபமாக வருகிறது. மூச்சு விடுவதுபோல வருகிறது. நீ நல்லவன் என்று ஊரெல்லாம் சொல்வதற்கு அந்தச் சொல்தான் காரணம், உன் தலையில் எல்லாரும் ஏறி இருப்பதற்கும் அதுதான் காரணம். நாளைக்கு உன் வீட்டுக்கு ஒரு பெண் வரப் போகிறாள். ஒரு சபையில் அவளை யாராவது தள்ளி நிறுத்தினால் நீ இருமாதே. அண்ணன், பெரியப்பா என்று பார்க்காதே, எழுந்து அவளுக்குப் பக்கத்தில் போய் நில். நான் உன் அப்பாவோடு இவ்வளவு காலம் வாழ்ந்ததில் எனக்குக் குறை என்று ஒன்றிருந்தால் அந்த இருமல்தான். இதை அவருக்கும் வாசித்துக் காட்டு.

கலியாணம் முடிந்த அடுத்த நாளே பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். தலைப்பாகை பற்றி ஏதாவது சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்துத் தேத்தண்ணிக்கு அடுப்பை மூட்டினேன். அவர் உட்காரவும் இல்லை. "உந்த நீலம் சரியில்லை. ஆஸ்பத்திரி வாட்டு மாதிரிக் கிடக்கு எண்டு சம்பந்தி வீட்டார் சிரிச்சவை. நாலாஞ் சடங்குச் சாப்பாடு மாப்பிள்ளை வீட்டிலை. அதுக்கு முந்தி வெள்ளையா மாத்தித் தாரும். உமக்கு உதொரு வேலையே" என்று சொல்லிக் காரின் திறப்புச் சாவியை மேசையில் வைத்தார். நான், "ஓம் அத்தான், நாளைக்கே தாறன்" என்றேன். என் வாழ்க்கையில் இவ்வளவு பணிவாக நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை. அந்தப் பணிவைக் கண்டாவது அவர் பயந்திருக்க வேண்டும்.

நீ வேலைக்குக் கந்தோருக்குப் போன பிறகு செய்தேன். விளக்குகளை வெள்ளையாக மாற்றினேன், அதில் ஒரு குறையும் வைக்கவில்லை. வேக முள்ளை அச்சொட்டாக அது நின்ற இடத்திலேயே வைத்தேன், இரண்டு தரம் சரிபார்த்தேன். காருக்குள் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களின் உயிரோடு விளையாட நான் பேய் இல்லை. பெற்றோல் முள்ளுக்கும் முதலில் அடையாளம் வைத்தேன். எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தால்தானே எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று தெரியும். பிறகு அதை உயர்த்திச் செருகினேன். அடிமட்டத்தில் கிடந்த பெற்றோல் அரைவாசி என்று காட்டியது. குறைந்தால் பற்றும் அந்தச் சின்ன மஞ்சள் விளக்குக்கு மேலே, வயருக்குச் சுற்றும் கறுப்பு ரேப்பில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். மூடியைப் பூட்டும்போது எனக்குப் பாட்டுக்கூட வந்தது.

அவர் பெற்றோலைத் தேவைக்கு மேலே அடிக்கமாட்டார், திரும்பிப் போகும்போது தாங்கியில் மிஞ்சிக் கிடந்தால் நீ ஓடி முடித்துவிடுவாய் என்ற எண்ணம். எங்கேயோ ஓரிடத்தில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எங்கே என்று தெரியாது. வல்லை வெளி என் தெரிவு அல்ல. அது அந்தப் பக்கத்துச் சந்நிதி முருகன் தன் விருப்பத்துக்குச் செய்தது, நான் கேட்காமலே கிடைத்த வரம்.

எனக்கு இடுப்பு நோ என்று சொல்லி நான் போகவில்லை. அப்பா போனார். அவர் வந்து சொன்னதுதான் நான் அறிந்தது. புறப்படும்போது பெரியப்பா முள்ளைப் பார்த்து, "அரைவாசி கிடக்கு, போய்வரக் காணும்" என்றாராம். பின்னால் பெரியம்மா, வதனி, புது மாப்பிள்ளை, மடியில் பயற்றம் பணியாரமும் அரியதரமும் நிறைந்த தட்டுகள். வல்லை வெளியின் சரி நடுவில் கார் இரண்டு தரம் விக்கிவிட்டு நின்றது. ஒரு பக்கம் உப்புத்தண்ணி, மற்றப் பக்கம் வெறும் உவர் நிலம், ஒதுங்க ஒரு பூவரசு கூட இல்லை. உச்சி வெயில். பெரியப்பா இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்து, கார் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் பார்ப்பதுபோலப் பார்த்தார். காற்று அவருடைய பட்டுச் சால்வையைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலேரியில் போட்டது. பருத்தித்துறை பஸ் ஒன்று வேகத்தைக் குறைத்து, யன்னல் முழுக்கத் தலைகளோடு, அவர்களை நன்றாகப் பார்த்துவிட்டுப் போனதாம். அப்பா இதைக் கவலையோடுதான் சொன்னார். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் ஒன்றை நான் யோசிக்கவில்லை. அப்படி நின்றால் அவர் யாருக்குப் போன் அடிப்பார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். நீ ரவுணில் இருந்து எனக்கு அடித்தாய். "அம்மா, பெரியப்பாவின்ரை கார் வல்லையிலை நிண்டிட்டுதாம். பெற்றோல் முடிஞ்சிருக்கும் போலை. நான் கலனிலை வாங்கிக்கொண்டு போறன்." பிறகும் ஓம் என்றுதான் சொல்லியிருக்கிறாய். அகப்பை கையில் இருக்க நான் அப்படியே நின்றேன். அவருக்கு வைத்த பொறியில் நீ அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு போய் விழுந்தாய்.

நீ பெற்றோலை ஊற்றினாய். பெரியப்பா தலை சுற்றுகிறது என்றார், திரும்பவும் நீயே ஓடினாய். மாப்பிள்ளை வீட்டு வாசலில் சம்பந்தி உன்னைக் கண்டு, "கலியாணத்தண்டும் இவர்தானே ஓடினவர். பாவம், வெயிலுக்குள்ளாலை வந்திருக்கிறார். டிரைவர்த் தம்பிக்கும் பின்னுக்கு ஒரு இலையைப் போட்டுக் குடுங்கோ" என்றாராம். அந்த மனிதரில் பிழை இல்லை, அவருக்கு நீ யார் என்று யாரும் சொல்லவில்லை. பெரியப்பா சொல்லவில்லை. உன் அப்பா இருமினார். வதனிதான், நாலு நாள் மணப்பெண், புதுச் சேலையோடு நடு விறாந்தையில் நின்று சொன்னாள்.

"டிரைவர் இல்லை மாமா. உவன் என்ரை தம்பி. எனக்குத் தோழனா வந்திருக்கவேண்டியவன் உவன்தான்."

உன் கையைப் பிடித்துக் கூட்டிப் போய் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் இருத்தி, தன் கையால் முதல் சோறு போட்டாளாம். பெரியப்பா இலையைப் பார்த்தபடியே சாப்பிட்டு எழுந்தாராம். இதைச் சொல்லும்போது அப்பா அழுதார். நான் அழவில்லை. நான் முள்ளைத் தள்ளி வைக்காவிட்டால் கார் நின்றிருக்காது, நீ போயிருக்கமாட்டாய், அந்த வார்த்தை அந்தச் சபையில் விழுந்திருக்காது என்றுதான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நீ அன்று பின்னேரம் வந்து சாப்பாட்டு மேசையில் அந்தக் கறுப்பு ரேப் துண்டை வைத்தாய். பெற்றோல் முடிந்து நின்ற காரிலும் முள் அரைவாசியடியில் நின்றதைக் கண்டபோதே உனக்கு விளங்கியிருக்கும். "அம்மா, இது உங்கடை" என்றாய். "வதனியக்கா அந்த வெயிலுக்குள்ளை நிண்டவ. அவ உங்களுக்கு என்ன செய்தவ?" என்று கேட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு காரடிக்குப் போனாய். அது எனக்குச் சுட்டது. அடுத்த நாளே வதனியிடம் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சித்தி, முதலே சொல்லியிருந்தாக் குடை கொண்டு போயிருப்பனே" என்றாள். அவளிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டேன். பழி வாங்குவதானால் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்த்து வாங்க வேண்டும், அதை நான் அன்று படித்தேன். நீயும் படித்துக்கொள். வாங்கவே கூடாது என்று மட்டும் என் வாயால் நான் உனக்குச் சொல்லமாட்டேன்.

அத்தோடு என் மனம் ஆறியிருக்கும். கலியாண வீடியோ வராமல் இருந்திருந்தால் ஆறியிருக்கும். பெரியப்பா வீட்டில் எல்லாரையும் இருத்திப் பெரிய ரிவியில் போட்டார்கள். நீ வரவில்லை. நான் உன்னைத் தேடித் தேடிப் பார்த்தேன். வாசலில் கால் கழுவும்போது அந்தப் பிள்ளை, மோதிரம் போடும்போது அந்தப் பிள்ளை. காருக்குள் எடுத்த இடத்தில், மாப்பிள்ளை பின்னால் இருந்து சிரிக்கிறார், பிறகு கமரா மெல்ல முன்னுக்குத் திரும்புகிறது. ஸ்டியரிங்கில் இரண்டு கைகள். நீல வெளிச்சம் விழுந்த இரண்டு கைகள். முகம் இல்லை. இடது கைப் பெருவிரலில் அந்த ஞாயிற்றுக்கிழமை ஈயம் சுட்ட தழும்பு, அதைக் கொண்டுதான் என் பிள்ளை என்று கண்டேன். என் கையால் ஒட்டிய வெளிச்சத்தில், என் மகனை இவ்வளவுதான் காட்டினார்கள். "நல்ல எடுப்பு" என்று பெரியப்பா சொன்னார்.

இப்போது உன் கலியாணம். பெரியப்பா வராவிட்டால் அப்பாவின் மனம் உடைந்துவிடும் என்று நீ சொன்னாய், அது எனக்கும் தெரியும். தாய் தகப்பன் வீட்டுக்கு வந்து சொல்லாமல் அவர் வரமாட்டார் என்பதும் தெரியும். நேற்றுத் தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், கலியாணக் கார்ட் எல்லாம் வைத்துக்கொண்டு போனோம். வெற்றிலைக்கு அடியில் இன்னொரு சாமானும் வைத்திருந்தேன், அப்பாவுக்கும் தெரியாது.

கார்ட்டைக் கொடுத்து முறைப்படி கூப்பிட்டோம். பிறகு நான் சொன்னேன். "அத்தான், அண்டைக்கு வல்லையிலை கார் நிண்டது என்னாலை. பெற்றோல் முள்ளை நான்தான் மாத்தி வைச்சனான்."

அவர் கையிலிருந்த கார்ட்டை மேசையில் வைத்தார். "கராச்சுக்காரன் சொன்னவன், ஆரோ வேணுமெண்டு மாத்தி வைச்சிருக்கினம் எண்டு. எங்கடை வீட்டாக்கள் அப்பிடிச் செய்யாயினம் எண்டு நான் அவனோடை சண்டை பிடிச்சுப்போட்டு வந்தனான்" என்றார். ஒளிக்காமல் எழுதுகிறேன், அந்த இடத்தில் என் நெஞ்சு ஒருதரம் அடங்கியது. அதோடு நிறுத்தியிருந்தால் நான் மன்னிப்புக் கூடக் கேட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் அவர், "ஏன் அப்பிடிச் செய்தனீர்?" என்று கேட்டார்.

"தலைப்பாகைக்காக, அத்தான்."

"எந்தத் தலைப்பாகை?"

நடிக்கவில்லை, ராசா. உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. பெரியம்மாவுக்கு நினைவிருந்தது, அவ நிலத்தைப் பார்த்தா. இவ்வளவு காலம் நான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்திருந்தது, அவர் மனதில் ஒரு கீறலாகக் கூட இல்லை. சொன்னேன். முற்றத்தில் நடந்ததையும், நீ அந்தப் பிள்ளைக்குத் தலைப்பாகையை இறுக்கிவிட்டதையும், வீடியோவில் வந்த கைகளையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். "அது... வீடியோவுக்கு எண்டு செய்தது. தம்பி ஒண்டும் சொல்லேல்லையே" என்றார். "அவன் சொல்லான். அதுக்குத்தான் நான் இருக்கிறன்" என்றேன்.

பிறகு வெற்றிலையை விலக்கி உன் கார்த் திறப்பை எடுத்துத் தட்டின் நடுவில் வைத்து, தட்டை அவருக்கு முன்னால் தள்ளினேன்.

"கலியாணத்தண்டு மாப்பிள்ளைக் கார் ஓட ஆள் இல்லை, அத்தான். நீங்கள்தான் ஓடவேணும். பட்டுச் சால்வை ஒண்டும் வேண்டாம், சேட்டோடை வந்தாக் காணும்."

பெரியம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தா. நான் அப்பாவின் இருமலுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. அவர் கதிரையின் நுனிக்கு வந்து, "ஓம் அண்ணை. நீங்கள்தான் ஓடோணும்" என்றார். நான் திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன். வேர்த்திருந்தது, ஆனால் குரல் தளம்பவில்லை. பெரியப்பா திறப்பை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "எத்தினை மணிக்கு வரவேணும்?" என்று கேட்டார். கூலிக்கு ஓடுகிறவர்கள் கேட்கும் குரலில்தான் கேட்டார். "விடிய முன்னம் நிக்கவேணும், அத்தான்" என்று சொல்லிவிட்டு எழுந்தோம்.

இதை வாசித்ததும் உனக்கு மனம் இளகும், உன்னை எனக்குத் தெரியாதா. பின்னால் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்துகொண்டு, "விடுங்கோ பெரியப்பா, நான் ஓடுறன்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அந்த ஒரு நாளுக்கு உன் நல்ல குணத்தை வீட்டில் வைத்துவிட்டு வா. உன் தோழன் உனக்குப் பக்கத்தில் இருப்பான், தலைப்பாகை உன் தலையில் இருக்கும், வேறு யாரும் அதைக் கேட்கமாட்டார்கள். காரைப் பற்றியும் யோசிக்காதே. தாங்கி நிறையப் பெற்றோல் அடித்து வைத்திருக்கிறேன், முள் நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறது. வீடியோக்காரத் தம்பியிடமும் கதைத்துவிட்டேன். காருக்குள் எடுக்கும்போது கமராவை முன்னுக்குத் திருப்பி, பச்சை வெளிச்சத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைகளை ஆறுதலாக எடு, முகம் தேவையில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா